சான்ட்ரோவுக்கு ஸ்டிக்கர் மட்டும் மாத்தலைங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை நம்ம பேப்பர்ல பழைய சின்ன கார்களப் பத்தி வந்த கட்டுரைய ஷெட்ல நின்னுகிட்டே படிச்சேன், கையெல்லாம் கிரீஸ், பேப்பர் ஓரம் பூரா கறை, பக்கத்து டீக்கடைக்காரர் அவர் பேப்பர்னு சத்தம் போட்டாரு, அது வேற கதை. கட்டுரையில மாருதி 800-க்கு அரைப் பக்கம் குடுத்துட்டு சான்ட்ரோவுக்கு நாலே வரி. "ஸ்டிக்கரும் பேரும் மாத்தி மாத்தி ஒரே வண்டிய 16 வருஷம் வித்தாங்க" அப்படின்னு முடிச்சிட்டாங்க. எழுதினவர் கார ஓட்டியிருப்பாரு சார், ஆனா அதுக்கு அடியில படுத்திருக்க மாட்டாரு. நான் விழுப்புரத்துல 25 வருஷமா இந்த வேலைதான் பாக்குறேன், மொதல்ல ஸ்பேனர் எடுத்துக் குடுக்குற பையன், இப்ப சொந்த ஷெட். அந்த வரியில பாதி சரி, பாதி தப்பு. எந்தப் பாதி தப்புன்னு சொல்லலாம்னுதான் எழுதுறேன், நீளமாயிடுச்சுன்னா வெட்டிக்கோங்க, ஆனா வருஷத்த மட்டும் வெட்டாதீங்க.

ஹூண்டாய் கம்பெனி இந்தியாவுக்கு வந்தது 1996-ல. ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துல இருங்காட்டுக்கோட்டையில ஃபேக்டரி கட்டி 1998 செப்டம்பர்ல சான்ட்ரோவ வெளிய விட்டாங்க. அப்ப இந்தக் கம்பெனி பேர எப்படிச் சொல்றதுன்னே பாதிப் பேருக்குத் தெரியாது, அதனாலதான் ஷாருக்கான டிவியில கொண்டாந்து நிறுத்துனாங்க. அதே சமயத்துல ஆறு மாசம் முன்ன பின்ன தேவூ மாட்டிஸ் வந்துச்சு, டாடா இண்டிகா வந்துச்சு, ஏற்கெனவே மாருதியோட 800-ம் ஜென்னும் ரோட்டுல நிரம்பிக் கெடக்கு. இதுக்கு நடுவுல ஒசரமா ஒரு டப்பா மாதிரி வண்டி வந்தா ஜனங்க சிரிக்காம என்ன பண்ணுவாங்க. கம்பெனி அத 'டால் பாய்'னு சொல்லி வித்தாங்க, எங்க ஊர்ல அத மீன்பாடி வண்டின்னு சொன்னவங்க உண்டு.

இது கொரியாவுல 1997-ல ஏடாஸ்னு வந்த வண்டி. அங்க சின்ன காருக்கு வரிச் சலுகை வேணும்னா அப்பல்லாம் இன்ஜின் 800 சிசிக்குள்ள இருக்கணும், அதனால அங்க 800 சிசி இன்ஜின். அத அப்படியே இங்க தூக்கிட்டு வந்து விக்கல. பின்னாடி பக்கத்த மாத்துனாங்க, ஏன்னா ஒரிஜினல் ஏடாஸோட பின்பக்கம் பாக்க நல்லாவே இருக்காது, போட்டோ கெடச்சா பாருங்க. இன்ஜின் 999 சிசி, நாலு சிலிண்டர், 12 வால்வு, 55 பிஎஸ் பவர். அத விட முக்கியம், மொத நாள்லேர்ந்தே எம்பிஎஃப்ஐ, அதாவது பெட்ரோல கம்ப்யூட்டர் அளந்து இன்ஜினுக்குப் பீச்சுற இன்ஜெக்ஷன். அப்ப 800-லயும் ஜென்லயும் கார்புரேட்டர்தான். 1999-ல சுப்ரீம் கோர்ட் டெல்லிப் பக்கம் விக்கிற காரெல்லாம் யூரோ புகை விதிக்கு வந்தாகணும்னு சொன்னப்ப மத்தவங்க ஓடி ஓடி இன்ஜெக்‌ஷன் மாட்டுனாங்க, இந்த வண்டியில அது பொறந்ததுலேர்ந்தே இருந்துச்சு. இத ஸ்டிக்கர்னு சொல்ல முடியுமா?

எங்க மேஸ்திரிக்கு இந்த வண்டின்னா பயம். கார்புரேட்டர்னா அவரு கண்ண மூடிட்டு கழட்டுவாரு, ஜெட்ட வாயில வச்சு ஊதுவாரு, ஸ்க்ரூவ கால் திருப்பு திருப்பி காதாலயே ஐடிலிங் செட் பண்ணிடுவாரு. சான்ட்ரோ வந்தா பானெட்ட தெறந்து பாத்துட்டு "இது ஒயர் வண்டிடா, கம்பெனிக்கே அனுப்பிடு"ன்னு மூடிடுவாரு. நான் ஒரு தடவ த்ராட்டில் பாடிய கழட்டி கிளீன் பண்ணி மாட்டுனதுக்கு ஒரு நாள் முழுக்க என்கிட்ட பேசல. ஊதுறதுக்கு ஒண்ணும் இல்லையேன்னுதான் அவருக்குக் கோவம்னு இப்பத் தோணுது.

ஒசரத்தப் பத்திச் சொல்லிடுறேன். மாருதி 800-ஓட ஒசரம் 1405 மில்லிமீட்டர், 2003-ல வந்த சான்ட்ரோ ஜிங்கோடது 1590. கிட்டத்தட்ட 18 சென்டிமீட்டர் வித்தியாசம், ஒரு சாண் அளவு. இது பேப்பர்ல படிச்சா ஒண்ணும் தெரியாது. எங்க கஸ்டமர் ஒரு வாத்தியார், அவங்கம்மாவுக்கு ரெண்டு முட்டியும் வலி. 800-ல அந்தம்மா ஏறுறதப் பாக்கணும், மொதல்ல கதவப் பிடிச்சு திரும்பி நிப்பாங்க, அப்புறம் தொப்புனு உள்ள விழுவாங்க, தலையில வச்ச பூ கூரையில இடிச்சு உதிரும், எறங்குறப்ப ரெண்டு பேர் கையப் பிடிச்சு இழுக்கணும். வாத்தியார் சான்ட்ரோ வாங்கிட்டு வந்த அன்னிக்கு அந்தம்மா நாற்காலியில உக்காருற மாதிரி சும்மா பின்னால நகந்து உக்காந்துட்டாங்க. கால தூக்கி உள்ள வச்சுக்கிட்டு "இதுல கோயிலுக்குப் போலாம்டா"ன்னாங்க. டப்பான்னு சிரிச்ச ஆளுங்க எல்லாம் அடுத்த வருஷம் அதையே வாங்குனதுக்குக் காரணம் ஷாருக்கான்னு நீங்க நெனைக்கலாம், நான் அந்தக் கூரைதான்னு நெனைக்கிறேன்.

அடுத்து 2000-ல வந்த சான்ட்ரோ ஜிப் டிரைவ். இதத்தான் கட்டுரையில ஸ்டிக்கர்னு போட்டிருக்காங்க. ஐயா, அதுல பவர் ஸ்டியரிங் வந்துச்சு. இன்னிக்கு பவர் ஸ்டியரிங் இல்லாத கார் ஒருத்தருக்கும் தெரியாது, அதனால அது பெருசாத் தெரியல. மொத வந்த வண்டிய நிறுத்துன எடத்துலயே திருப்பணும்னா தோள்பட்டை கழண்டுடும், ஓடிட்டிருந்தா லேசு, நின்னா கல்லு. பவர் ஸ்டியரிங் வந்ததுக்கு அப்புறம் எங்க ஷெட்டுக்கு காரெடுத்துட்டு வர்றதுல லேடீஸ் கூடிட்டாங்க, இது நானா கண்ணால பாத்தது. அதுக்கு முன்னாடி "சார் வருவாரு, வண்டிய எடுத்துட்டு வருவாரு"ன்னு போன்ல சொல்லுவாங்க, அப்புறம் அவங்களே வந்து பில்லுல பேரம் பேச ஆரம்பிச்சாங்க. பேரத்துல அவங்க கில்லாடி, எனக்கு அதுல நஷ்டம்தான்.

2003-ல ஜிங். இது பேரு மாத்துனது இல்ல, வண்டி மாறுனது. ஆனா எவ்வளவு மாறுச்சு, எவ்வளவு மாறலன்னு சரியாச் சொல்லணும். வீல்பேஸ், அதாவது முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவுல உள்ள தூரம், அதே 2380 மில்லிமீட்டர். நடு ஒடம்பு, கதவு, கூரை எல்லாம் பழைய கணக்குதான். மூஞ்சி புதுசு, ஹெட்லைட் பெருசு, பின் லைட் புதுசு, டேஷ்போர்டு புதுசு, இன்ஜின் 1086 சிசி. மொத சான்ட்ரோ பம்பர எடுத்துட்டு வந்து ஜிங்குக்கு மாட்டச் சொன்னா மாட்டாது, பழைய சாமான் கடையில "சான்ட்ரோதான் சார், ரெண்டும் ஒண்ணுதான்"னு குடுத்து அனுப்பிடுவாங்க, இங்க வந்து கிளிப்பு எங்கயோ ஓட்டை எங்கயோன்னு நிக்கும், மாட்ட முடியலன்னா திட்டு எனக்கு.

அந்த 87 சிசி கூடுனதுல என்ன ஆயிடப் போகுதுன்னு கேப்பீங்க. சேலத்துலேர்ந்து ஏற்காடு ஏறிப் பாருங்க, 20 கொண்டை ஊசி வளைவு. நாலு பேரும் பையும் ஏத்திக்கிட்டு ஏசியும் போட்டா எந்தக் கம்பெனி ஆயிரம் சிசி வண்டியும் மூச்சு வாங்கத்தான் செய்யும், வளைவுக்கு முன்னாடி ஏசிய ஆஃப் பண்ணிட்டு ஃபர்ஸ்ட் கியருக்குப் போறது எல்லாருக்கும் பழக்கம். ஜிங்ல ரெண்டாவதுலயே இழுத்துடலாம், ஏசிய அணைக்கச் சொல்லி முன் சீட்டுலேர்ந்து பின் சீட்டுக்கு மன்னிப்பு கேக்க வேண்டியதில்ல. ஃபேமிலி கார்னா என்னன்னு என்னக் கேட்டா இதத்தான் சொல்லுவேன். இந்த ஜிங்கு இருங்காட்டுக்கோட்டையிலேர்ந்து கப்பல் ஏறி வெளிநாட்டுக்கும் போச்சு, அங்க பேரு ஏடாஸ் பிரைம். கொரியாவுல பொறந்த வண்டி, ஒரு காலகட்டத்துல தமிழ்நாட்டுலேர்ந்துதான் ஊர் ஒலகத்துக்குப் போய்ட்டிருந்துச்சு. இத அந்த நாலு வரியில ஒரு வார்த்தை சேத்திருக்கலாம்.

இந்த இன்ஜின்ல பழைய வண்டி வாங்குறவங்களுக்கு ஒரு விஷயம் இருக்கு, டைமிங் பெல்ட். வால்வும் பிஸ்டனும் ஒண்ணோட ஒண்ணு இடிக்காம தாளம் தப்பாம ஓட வைக்கிறது இதுதான். செயின் இல்ல, ரப்பர் பெல்ட். அது அறுந்தா வால்வு பிஸ்டன்ல இடிச்சு வளைஞ்சிடும், ஹெட்டக் கழட்டணும். நான் ஒரு தடவ நல்லா பட்டுட்டேன். ஒரு கஸ்டமருக்குக் காசு மிச்சம் பண்ணிக் குடுக்கலாம்னு ஒரு கடையில லோக்கல் பெல்ட் வாங்கி மாட்டிட்டேன், டப்பா மேல எல்லாம் நல்லாத்தான் போட்டிருந்தான். பத்தாயிரம் கிலோமீட்டர் கூட ஓடல, திண்டிவனத்துக்கு முன்னாடி வண்டி சட்டுனு நின்னு போச்சு, ஸ்டார்ட்டர் மட்டும் சர்ருனு சுத்துது, இன்ஜின்ல எதிர்ப்பே இல்ல. அந்தச் சத்தம் போன்ல கேட்டதுமே எனக்கு வயித்தக் கலக்கிடுச்சு. போய் கவரக் கழட்டிப் பாத்தா பெல்ட்டுல பல்லு வரிசையா உரிஞ்சு ஒரு கைப்பிடி உள்ள கெடக்கு. ஹெட் வேலைய என் கைக்காசுலதான் பண்ணிக் குடுத்தேன். அதுலேர்ந்து பெல்ட்டுல மட்டும் பேரம் கிடையாது, யார் சொன்னாலும் கிடையாது. பழசு வாங்குறவங்க ஓனர்கிட்ட "பெல்ட் எப்ப மாத்துனீங்க, பில் இருக்கா"ன்னு கேளுங்க, பில் இல்லைன்னா மாத்தலன்னே வச்சுக்கிட்டு விலையில கழிச்சிடுங்க.

இப்ப கட்டுரையில எந்தப் பாதி சரின்னு சொன்னேன்ல, அதுக்கு வரேன். 2003-க்கு அப்புறம் 2014 வரைக்கும் ஜிங்குல பெருசா ஒண்ணும் நடக்கல. சீட்டுத் துணி கலர் மாறுச்சு, உள்ள பிளாஸ்டிக் பழுப்பு கலர்ல வந்துச்சு, கேஸ்ல ஓடுற எல்பிஜி மாடல் வந்துச்சு, ஜிஎல் ஜிஎல்எஸ்னு எழுத்து மாறுச்சு. இது ஸ்டிக்கர் காலம்தான், ஒத்துக்குறேன். ஏன்னா 2007 அக்டோபர்ல அதே கம்பெனியோட ஐ10 வந்துடுச்சு, கம்பெனி மூளை பூரா அங்க போயிடுச்சு. தம்பிக்குக் கல்யாணம் ஆன வீட்டுல கட்டிக்காத அண்ணன் மாதிரி சான்ட்ரோ ஒரு ஓரமா இருந்துச்சு, சம்பளம் மட்டும் மாசா மாசம் குடுத்துச்சு. 2011-ல அதுக்கும் கீழ இயான்னு ஒண்ணு வந்துச்சு. ஆனாலும் ஜனங்க ஷோரூம் போயி "சான்ட்ரோ இருக்கா"ன்னுதான் கேட்டாங்க. உள்நாட்டுல மட்டும் 13 லட்சத்துக்கு மேல வித்துச்சு, 2014 கடைசியில நிறுத்துனாங்க. அந்தக் கடைசி வண்டி வரைக்கும் ஏர்பேக் கிடையாது, சடன் பிரேக்குல சக்கரம் பூட்டிக்காம பாத்துக்குற ஏபிஎஸ் கிடையாது. 1998-ல அது தப்பில்ல, அப்ப எந்த சின்ன கார்ல இருந்துச்சு? 2014-ல அது தப்புதான். அப்ப எந்தச் சட்டமும் போட்டாகணும்னு சொல்லல, சட்டம் சொல்லாதத எந்தக் கம்பெனியும் தானா போடாது, வாங்குறவங்களும் ஏர்பேக்குக்குப் பதிலா மியூசிக் சிஸ்டம் குடுங்கன்னுதான் கேட்டாங்க. நான் பாத்து நூறு பேருக்கு ஸ்பீக்கர் மாட்டிக் குடுத்திருக்கேன், நானும் அதுல கூட்டாளிதான்.

2018 அக்டோபர்ல அதே பேர்ல திரும்ப வந்துச்சு. புது வண்டிக்கு என்ன பேரு வைக்கலாம்னு ஜனங்களக் கேட்டுப் போட்டி வச்சாங்க, வச்ச பேரு சான்ட்ரோ. விலை 3,89,900-ல தொடக்கம். இன்ஜின் அதே 1.1 லிட்டர் குடும்பம்தான், ஆனா 69 பிஎஸ். கிளட்ச் மிதிக்காத ஏஎம்டி, தொடு ஸ்க்ரீன், பின் சீட்டுக்கு தனியா ஏசி வென்ட், சிஎன்ஜி எல்லாம் வந்துச்சு. டிரைவர் பக்கம் ஏர்பேக்கும் ஏபிஎஸ்ஸும் எல்லா மாடல்லயும். அளவு எடுத்துப் பாத்தா ஒரு வேடிக்கை இருக்கு. ஜிங்க விட 120 மில்லிமீட்டர் அகலம் கூடிடுச்சு, வீல்பேஸ் 20 கூடிடுச்சு, ஒசரம் மட்டும் 30 கொறைஞ்சிடுச்சு, 1560. டால் பாய்னு பேர் வாங்குன வண்டி கொஞ்சம் குட்டையாயிடுச்சு சார்! வாத்தியாரோட அம்மா இப்ப இல்ல, இருந்திருந்தா ஏத்தி உக்கார வச்சுக் கேட்டிருப்பேன்.

2019-ல கார மோத விட்டு பாதுகாப்புக்கு ஸ்டார் குடுக்குற குளோபல் என்கேப் மோதிப் பாத்தப்ப அஞ்சுக்கு ரெண்டு ஸ்டார்தான் வாங்குச்சு, அதே சமயம் மோதுன மாருதி வேகன்ஆரும் ரெண்டுதான். அப்புறம் 2020 ஏப்ரல்ல பிஎஸ்6 புகை விதி வந்துச்சு, 2022 ஜனவரியிலேர்ந்து முன்னாடி ரெண்டு ஏர்பேக் கட்டாயம்னு ஆச்சு. எல்லாம் நல்லதுக்குத்தான், நான் குறை சொல்லல, ஆனா ஒவ்வொண்ணுக்கும் காசு. நாலு லட்சத்து வண்டியில அத ஏத்துனா அஞ்சரை ஆறுன்னு போகுது, அந்தக் காசுக்கு ஜனங்க ஜீப்பு மாதிரி இருக்கணும்னு எதிர்பாக்குறாங்க. 2022-ல சான்ட்ரோவ நிறுத்திட்டாங்க. அடுத்த வருஷம் அதே கம்பெனி எக்ஸ்டர்னு ஒண்ண 5,99,900-லேர்ந்து கொண்டாந்தாங்க, ஷெட்ல லிஃப்ட்ல ஏத்தி அடியில பாத்தா சின்ன கார்தான், மேல இருந்து பாத்தா ஜீப்பு வேஷம். இதுக்கு வரி விதியும் ஒரு காரணம். 2006 பட்ஜெட்லேர்ந்து நாலு மீட்டர் நீளத்துக்குள்ள, பெட்ரோல்னா 1200 சிசிக்குள்ள இருந்தா சின்ன கார்னு வரி கம்மி. ஒசரத்தப் பத்தியோ விலையப் பத்தியோ அந்த விதியில பேச்சே இல்ல, அப்புறம் எந்தக் கம்பெனி மூணரை மீட்டர்ல வண்டி பண்ணும்? எக்ஸ்டர் 3815 மில்லிமீட்டர், ஜிங் 3565. ரெண்டுக்கும் ஒரே தட்டுல வரி. நான் கம்பெனியா இருந்தாலும் பெரிய வண்டியத்தான் பண்ணுவேன்.

உங்க பேப்பர்ல வாராவாரம் கார் பக்கம் வருது. போன மூணு மாசத்துல வந்தது எல்லாமே பன்னெண்டு லட்சத்துக்கு மேல. எங்க ஷெட்டுக்கு வர்ற ஆளு ஒண்ணேகால் லட்சத்த மடியில கட்டிக்கிட்டு எந்த வருஷ வண்டி எடுக்கலாம்னு கேட்டு நிக்கிறாரு, அவருக்கு ஒரு பத்தி எழுதுங்க. பழைய சான்ட்ரோ பாக்குறவங்க எந்த வருஷத்துல பவர் ஸ்டியரிங், எந்த வருஷத்துல பெரிய இன்ஜின், எந்த வருஷ வண்டியில ஏர்பேக்னு தெரியாமலே, புரோக்கர் சொல்றத நம்பி வாங்கிட்டு அப்புறம் எங்கிட்ட வர்றாங்க. 15 வருஷம் தாண்டுனா ஆர்.சி. புதுப்பிக்க முன்னாடி 600 ரூபா, 2022 ஏப்ரல்லேர்ந்து 5,000. 20 வருஷம் தாண்டுனா 2025-லேர்ந்து 10,000. அது போக பச்சை வரி. வண்டி வெலையே அம்பது அறுபதாயிரம்ங்கிறப்ப இது சின்னத் தொகை இல்ல. இதையும் சேத்துப் போடுங்க.

இன்னிக்கு ஷெட்ல ஒரு 2004 ஜிங் நிக்குது. ஓனர் ரிட்டயர்டு போஸ்ட்மேன், 10,000 கட்டிட்டு ரசீத லேமினேட் பண்ணி கிளவ் பாக்ஸ்ல வச்சிருக்காரு. பெல்ட் மாத்தியாச்சு, ரேடியேட்டர் ஹோஸ் மாத்தியாச்சு, டிங்கரிங்ல கதவுக்குக் கீழ துருப்பிடிச்சத வெட்டி தகடு வச்சாச்சு. ஸ்டியரிங் ரேக் எண்ட் மட்டும் பாண்டிச்சேரியிலேர்ந்து பஸ்ஸுல வருது, சாயங்காலம் கைக்கு வந்துடும்னு சொன்னாங்க. நாளைக்கு காலையில ஆர்டிஓ ஆபீஸ்ல வண்டியக் காட்டணும், அதனால லெட்டர இத்தோட நிறுத்திக்குறேன்.

இப்படிக்கு,
ஒரு கார் மெக்கானிக், விழுப்புரம்
(பேர் போட வேண்டாம் சார், அந்த டீக்கடைக்காரர் உங்க பேப்பர்தான் வாங்குறாரு)